டொக்டர் சொன்னதில் பாதி

அண்ணை,

போன ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பேருக்கு முன்னால் நின்று நான் ஒரு மைக்கை முகர்ந்து பார்த்தேன்.

ஹம் நகரத்துத் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழா. நன்றியுரை சொல்ல என்னைக் கேட்டிருந்தார்கள். நன்றியுரை என்பது சனம் எழும்பி ஜக்கெட் போட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது ஒருவர் பேசியே ஆகவேண்டிய பேச்சு. அதற்கு என்னைப் போல ஒருவன் போதும். எட்டு வரி எழுதி, நான்கு நாள் குளியலறையில் பாடமாக்கிக்கொண்டு மேடையில் ஏறினேன். மைக்கைக் கையில் எடுத்து வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனதும் கராம்பு மணத்தது. நீங்கள் போன பிறகு உங்கள் வீட்டுக்காரியான அக்கா உங்கள் மைக்கைப் பாடசாலைக்குக் கொடுத்தது எனக்குத் தெரிந்த விஷயம்தான். மறந்துவிட்டேன். அந்தக் கம்பி வலைக்குள் இருபது வருஷத்துக் கராம்பு. பாட முன்னர் இரண்டு கராம்பைக் கடைவாயில் அடக்கிக்கொள்வீர்கள், பாடி முடிந்தும் துப்ப மாட்டீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு இன்னுமொரு தரம் இழுத்து முகர்ந்தேன். நாய் மோப்பம் பிடிக்கிற சத்தம் மண்டபத்தின் நான்கு ஸ்பீக்கரிலும் கேட்டிருக்கிறது.

முன்வரிசை சிரித்தது. என் மூத்தவள் கையால் முகத்தை மூடிக்கொண்டு, "அப்பா! பைன்லிஷ்!" என்றாள். வெட்கக்கேடு என்பதற்கு ஜேர்மன்காரர் சொல்லும் சொல் அது. எங்கள் வீட்டில் அது என்னுடைய இரண்டாவது பெயர். எட்டு வரியில் ஒரு வரியும் வாயில் வரவில்லை. "எல்லாருக்கும் நன்றி, சாப்பாடு பின்னுக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இந்த வருஷத்து நன்றியுரைதான் திறம் என்று நாலைந்து பேர் வந்து கைகொடுத்தார்கள்.

அன்றிலிருந்து உங்களுக்கு எழுதவேண்டும்போல இருக்கிறது. நான் கடிதம் எழுதிப் பழகியவன் அல்ல. ஓ/எல் சோதனையில் இரண்டு தரம் கணக்கில் கோட்டை விட்டு, மூன்றாம் தரம் சோதனை மண்டபத்துக்குப் பதிலாக விமானத்தில் ஏறியவன். இந்த நாட்டில் நான் எழுதியதெல்லாம் மற்றவர்களுக்கு நிரப்பிக் கொடுத்த அன்ட்ராக் என்கிற விண்ணப்பப் படிவங்கள்தான். இதிலும் எங்காவது பெட்டிக்குள் புள்ளடி போடச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் உங்கள் குரலைப் பற்றித்தான் எழுதினார்கள். நானும் அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். அந்தக் குரலை நான் என்ன செய்தேன் என்பதை. நேரே அங்கே போகத் துணிவில்லை. கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறேன்.

உங்களை நான் முதலில் கேட்டேன், பிறகுதான் கண்டேன். கிழக்கு பேர்லினில் இறங்கி, மேற்கே வந்து, அகதிகள் தங்கும் ஹைமில் ஒரு கட்டில் கிடைத்து மூன்றாம் நாள். பொதுக் குசினியிலிருந்து ஒரு கறுப்பு அமெரிக்கன் பாடுகிற சத்தம் வந்தது. பாரமான பெட்டியைச் சீமெந்து நிலத்தில் இழுப்பதுபோலத் தொடங்கும் குரல். எந்த இடத்தில் அது மேலே ஏறி நம்முடைய நெஞ்சைப் பிடித்தது என்று பிடிபடாது. ரேடியோ என்று நினைத்து உள்ளே போனால், சாரம் கட்டிய ஒரு மனிதர் பருப்புச் சட்டியைத் துழாவிக்கொண்டு நிற்கிறார். பருப்பு அடிப்பிடித்துப் புகைகிறது. அவருக்கு அது தெரியவில்லை.

"அண்ணை, பருப்பு" என்றேன். உங்களோடு நான் பேசிய முதல் பேச்சு அது.

நீங்கள் யார் என்று பக்கத்துக் கட்டில்காரர்தான் சொன்னார். யாழ்ப்பாணத்துக் கார்னிவேல் போஸ்டர்களில் பெல்பொட்டமும் தோள்வரை முடியுமாக, 'சோல் சக்கரவர்த்தி' என்ற பட்டத்தோடு நான் பார்த்த அதே ஆள். சோல் என்றால் கறுப்பு அமெரிக்கரின் பாட்டு என்று போஸ்டர் ஒட்டியவனுக்கும் தெரியாது, பார்க்க வந்த எங்களுக்கும் தெரியாது. மன்னாரில் ஒரு கத்தோலிக்க வீட்டில் பிறந்து, கோயில் பாடகர் குழுவில் சேர்ந்து, "இது ஆண்டவரையே திடுக்கிடப் பண்ணுற குரல்" என்று சுவாமியாரால் வெளியே அனுப்பப்பட்ட கதையை நீங்கள் பெருமையாகச் சொல்வீர்கள். வானொலியின் ஆங்கிலச் சேவையில் ஞாயிறு மத்தியானங்களில் போன பாட்டுகளைக் கேட்டு, சீ.ஆர். கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதி எழுதிப் பிடித்தீர்கள். அந்தக் கொப்பி ஹைமிலும் உங்கள் தலையணைக்குக் கீழே இருந்தது. ஆங்கிலம் என்று நீங்கள் எழுதியதை ஆங்கிலேயன் ஒருவன் பார்த்தால் பஞ்சாங்கம் என்று நினைப்பான்.

ஒருநாள் கேட்டேன்:

"அண்ணை, இந்தப் பாட்டிலை என்ன சொல்லுறான்?"

"அழுகிறான்."

"ஏன் அழுகிறான்?"

"அது எனக்கென்னெண்டு தெரியும்? இங்கிலீசு தெரிஞ்சவனைப் போய்க் கேள். அழுகிறான் எண்டு தெரிஞ்சாக் காணும், பாடலாம்."

பாடினீர்கள். முதலில் ஹைம் குசினியில். பிறகு ஹைமைப் பராமரிக்கிற ஹவுஸ்மைஸ்டர் குன்டர் ஒழுகுகிற குழாயைத் திருத்த வந்தார். சனிக்கிழமைகளில் அவர் டோர்ட்மண்டில் ஒரு ரொக் இசைக்குழுவில் கிற்றார் அடிப்பவர் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. ஸ்பானரைக் கையில் பிடித்தபடி முழுப் பாட்டையும் கேட்டார். குழாயைத் தொடாமலே போய்விட்டார். அடுத்த நாள் கிற்றாரோடு வந்தார். குழாய் இரண்டு மாதம் ஒழுகியது.

அந்தக் காலத்தில் எங்களுக்கு விசா இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதி இல்லை. டோர்ட்மண்ட் அரை மணி நேரத்து ரெயின்தான், ஆனால் எங்களுக்கு அது வெளிநாடு. குன்டர் அதைப் பற்றி யோசிக்காமல், 'அமெரிக்காவின் மெம்பிசிலிருந்து நேரடியாக' என்று நோட்டீஸ் அடித்து, உங்களை ஒரு பியர் மண்டபத்து மேடையில் ஏற்றிவிட்டார். சுரங்க வேலையில் ஓய்வு பெற்ற கிழவன்மார் மேசையில் கையால் அடித்துத் தாளம் போட்டதை நான் பார்த்தேன். திரும்பும்போது ஸ்டேஷனில் பொலிஸ் மறித்தது. அந்தப் பொலிஸ்காரன் என் கையிலிருந்த நோட்டீசையும் உங்கள் அகதிக் கடதாசியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மெம்பிசா, ஹம்மா?" என்று கேட்டான்.

"மன்னார் எண்டு சொல்லடா" என்றீர்கள்.

சொன்னேன். உங்களுக்காக நான் செய்த முதல் மொழிபெயர்ப்பு அது. அதில் ஒரு சொல்லையும் விடவில்லை.

விசா கிடைத்த பிறகு எல்லை விரிந்தது. எசன், கொலோன், பிறகு சூரிச், பாரிஸ், லண்டன். ஜேர்மன் பத்திரிகை அரைப் பக்கத்தில் உங்கள் படத்தைப் போட்டது. எங்கள் சனத்தின் மண்டபங்களில் உங்கள் பெயரை நோட்டீசில் போட்டால் கதிரை காணாது. சனிக்கிழமை எழுநூறு பேர் எழும்பி நின்று கத்துவார்கள். திங்கட்கிழமை காலையில் நீங்கள் இத்தாலியன் கடையில் பீட்சாவுக்கு மா குழைப்பீர்கள். ஒருமுறை கேட்டேன், இது உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா என்று. "மாவுக்கும் கைதட்டத் தெரிஞ்சிருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றீர்கள்.

இதில் நான் யார்? வார நாட்களில் கம்பித் தொழிற்சாலையில் ஷிப்ற் வேலை. சனி, ஞாயிறில் உங்கள் சாரதி, பெட்டி தூக்குபவன், ஒலிப்பலகைக்கு முன்னால் இருப்பவன். எனக்குச் சுருதி தெரியாது. எந்தக் குமிழைத் திருப்பக்கூடாது என்று மட்டும் தெரியும். என் சொந்தப் பெயரை நீங்கள் மறந்தே போய், "மைக்கு" என்றுதான் கூப்பிட்டீர்கள். என் கலியாணத்தில் மாப்பிள்ளையை மேடைக்கு அழைத்ததும் அந்தப் பெயரால்தான். என் மனிசி இன்னும் அதை மன்னிக்கவில்லை.

புது நூற்றாண்டு பிறந்து ஒன்றிரண்டு வருஷத்தில் குன்டரின் நிலவறையில் அந்தத் தமிழ் சீடியைப் பதிந்தீர்கள். தமிழில் சோல் பாடலாமோ என்று சிரித்தவர்கள் எல்லாரும் பிறகு காரில் அதைத்தான் போட்டார்கள். பாட்டுகளை நீங்களே எழுதினீர்கள். அம்மாவின் செத்தவீட்டுக்குப் போகமுடியாமல் ரெலிபோன் கார்ட் முடியுமட்டும் அழுகைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவனின் பாட்டை நீங்கள் பாடி முடித்தபோது, குன்டருக்கு ஒரு சொல்லும் விளங்காமலே கண் நிறைந்திருந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "இப்ப ஏன் அழுகிறன் எண்டும் தெரியுது, மைக்கு. இனித்தான்ரா நான் பாட்டுக்காரன்" என்றீர்கள். உங்களுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. இனித்தான் என்றீர்கள்.

சரி. சுற்றியது போதும்.

எங்கள் ஆட்களுக்கு டொக்டரிடமோ ஓபீசிலோ நேரம் குறித்து டெர்மின் தந்திருந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். என் ஜேர்மன் அவ்வளவு நல்லது என்பதற்காக அல்ல. அவர்களுடையது அதைவிட மோசம். ஒருவருடைய நல்ல பல்லைப் பிடுங்க வைத்தவன் நான். அவர் இன்றைக்கும் என்னைக் கண்டால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார். ஆனாலும் கூப்பிடுவார்கள். ஏனென்றால் எனக்கு எங்கள் முறை தெரியும். டொக்டர் பெரிய வருத்தத்தின் பெயரைச் சொன்னால், நோயாளிக்குச் சின்ன வருத்தத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். பெரிய பெயரை வெளியே வந்து, காரடியில் வைத்து, வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டும். இப்படி எத்தனை பேருக்குச் செய்திருப்பேன். அதைப் பொய் என்று யாரும் சொன்னதில்லை. பக்குவம் என்றார்கள்.

உலகக்கிண்ணம் இங்கே நடந்த கோடைக்கு முந்திய மாரியில் உங்கள் குரல் அடைத்தது. தடிமன் என்றீர்கள். கொத்தமல்லி அவித்துக் குடித்தீர்கள், இஞ்சி கடித்தீர்கள், கராம்பை இரண்டிலிருந்து நான்காக்கினீர்கள். தை மாதம் வந்தும் அது தெளியவில்லை. டோர்ட்மண்டில் ஒரு ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், துண்டு வெட்டி எடுத்தார்கள், முடிவு சொல்ல ஒரு டெர்மின் தந்தார்கள். "நீ வாறாய்தானே?" என்று கேட்டீர்கள். இருபது வருஷத்தில் நீங்கள் பழகியது மாவும் உப்பும் அடுப்பும் கொண்ட ஜேர்மன். டொக்டரின் ஜேர்மன் வேறு பாஷை.

டெர்மினுக்கு முதல் நாள் மத்தியானம், ஷிப்ற் முடிந்து நான் வெளியே வர, தொழிற்சாலைக் கதவடியில் அக்கா நின்றா. முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து அப்படியே வந்திருக்கிறா. கோட்டுக்குக் கீழே வேலைச் சட்டை தெரிந்தது. பனி மழையாய்க் கொட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, நான் எங்கட வேலையிடத்திலை நேர்ஸ்மாரிட்டைக் கேட்டனான். புற்றுநோய் எண்டா இதுக்கு ரெண்டு விதம் இருக்காம். ஒண்டு ஒப்பரேசன். குரல்வளையை முழுசா எடுக்கிறது. மற்றது கரண்ட் பிடிச்சு, அதுதான் கதிர் அடிச்சு, மருந்து ஏத்திப் பாக்கிறது. அதிலை குரல் மிஞ்சக் கூடுமாம். ஆனா வருத்தம் திரும்பி வாறதுக்கும் கூட இடமிருக்காம்."

"அண்ணைக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சா எதை எடுப்பார் எண்டு உனக்குத் தெரியாதோ?"

அக்கா என் ஜக்கெட் கையைப் பிடித்தா.

"எனக்குப் பாட்டுக்காரன் வேண்டாம், தம்பி. பாட்டுக்காரனை ஊர் வைச்சிருக்கட்டும். எனக்கு மனுசன் வேணும். நாளைக்கு டொக்டர் ரெண்டைச் சொன்னா, நீ ஒண்டைச் சொல்லு."

"அக்கா, இது பல்லு இல்லை."

"அதுதான் சொல்லுறன்" என்றா. என் ஜக்கெட் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் அந்த அறையில் நான்கு பேர். டொக்டர் ஒரு பெண், இப்போது என் மூத்தவளுக்கு இருக்கிற வயதைவிடப் பத்து வயதுதான் கூட இருக்கும். அவசரப்படாத ஆள். கடதாசியில் தொண்டையை வரைந்து காட்டினார். ஒவ்வொரு வசனம் முடிந்ததும் நிறுத்தி என்னைப் பார்ப்பார். அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. முதல் வழியைச் சொன்னார், மொழிபெயர்த்தேன். குரல்வளையை எடுக்க வேண்டும், கழுத்தில் ஒரு துவாரம் இருக்கும், மூச்சு அதனால் போய்வரும், இனிப் பாட முடியாது. வழக்கமாக நான் இப்படிப்பட்டதை மெழுகித்தான் சொல்வேன். அன்றைக்கு மெழுகவில்லை. ஒன்றை முழுசாகச் சொன்னால் மற்றதை விட்டது சரியாகிவிடும் என்று என் மடத்தலை நினைத்திருக்க வேண்டும்.

பிறகு டொக்டர் இரண்டாவது வழியைச் சொன்னார். அதற்கு இன்னும் அதிக நேரம் எடுத்துச் சொன்னார். ஒப்பரேசன்தான் கொஞ்சம் நிச்சயமானது, ஆனாலும் இதையும் தாராளமாகச் செய்து பார்க்கலாம் என்றார். "இவர் பாடகர் என்று மருத்துவக் கோப்பில் படித்தேன். இது அவருடைய குரல். அவரே முடிவெடுக்கட்டும்" என்று முடித்து, என்னைப் பார்த்து நிறுத்தினார்.

நான் உங்களிடம் திரும்பினேன். "எப்பிடி வெட்டுறது, எத்தினை நாள் கட்டிலிலை எண்டு சொல்லுறா, அண்ணை" என்றேன்.

நீங்கள் நீண்ட நேரம் அந்தப் படத்தைப் பார்த்தீர்கள். அடைத்த குரலில் கேட்டீர்கள்: "வேறை வழி இல்லையோ?"

"இல்லை அண்ணை."

டொக்டர் குனிந்து, அவர் என்ன கேட்கிறார் என்று என்னிடம் கேட்டார்.

நோகுமா என்று கேட்கிறார் என்றேன்.

டொக்டர் உங்களைப் பார்த்து, மிகவும் அன்பாக, நோவுக்கு மருந்து தருவோம் என்றார். அதை மட்டும் அப்படியே மொழிபெயர்த்தேன். இரண்டு வழியும் அவருக்கு விளங்கியதா என்று கடைசியாக ஒருமுறை கேட்டார். "யா" என்றேன். நீங்கள் கையெழுத்து வைத்தீர்கள். ரசிகர்களின் சீடியில் போடுகிற அதே பெரிய கையெழுத்து, அடியில் வளைந்த கோட்டோடு.

வெட்டுவதற்கு முன் இரண்டு கிழமை கேட்டீர்கள். முன்பே ஒப்புக்கொண்ட, ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு இருந்தது, ஹம்மில், ஒரு விளையாட்டு மண்டபத்தில். அதைவிட்டுப் பெரிய மேடை ஒன்றை ஒழுங்குபண்ண குன்டர் துடித்தார். "கடைசிக் கச்சேரி எண்டு நோட்டீஸ் அடிச்சா, சனம் என்ர பாட்டைக் கேக்காது, என்ர கழுத்தைப் பாக்கும்" என்று மறுத்தீர்கள். ஆகவே யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் பலூனை மிதித்து உடைத்துக்கொண்டு ஓடின. சனம் றோல்ஸ் சாப்பிட்டது. அடைத்த குரலில், அடைப்பையே ஒரு அழகாக்கி, நீங்கள் அம்மாவின் பாட்டைத் தொடங்கினீர்கள். அப்படி ஒருபோதும் நீங்கள் பாடியதில்லை. நடுவில் முன்மேசைக்காரர் ஒருவர் எழும்பி என்னிடம் வந்தார்.

"தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ. பக்கத்திலை இருக்கிற ஆளோடை கதைக்க ஏலாமல் கிடக்கு."

நான் குறைத்தேன், அண்ணை. அவரோடு சண்டை பிடித்திருக்கலாம். ஒலிப்பலகை பழுது என்று சொல்லியிருக்கலாம். சபைக்குச் சத்தம் கூடினால் குறைப்பது என் பழக்கம். கை தானாகப் போய்விட்டது. மேடையில் நீங்கள் அதைக் கவனித்தீர்கள். என்னைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோலக் கையைக் காட்டிவிட்டுப் பாடினீர்கள். நீங்கள் கடைசியாகப் பாடிய பாட்டில் பாதி அந்த மண்டபத்தின் பின்வரிசைக்குக் கேட்கவே இல்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

ஒப்பரேசன் முடிந்து கண் விழித்ததும் நீங்கள் வாயைத் திறந்தீர்கள். பேச அல்ல. பாடப் பார்த்தீர்கள். காற்று கழுத்தால் போனது. அக்கா ஓடி வெளியே போனா. என்ன செய்வதென்று தெரியாமல் நான் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து மூடித் திறந்துகொண்டு நின்றேன்.

கழுத்தில் வைத்துப் பேசுகிற ஒரு மெசின் தந்தார்கள். சவர மெசின் தமிழ் பேசுவதுபோல ஒரு சத்தம். வீட்டில் யாரும் இல்லாதபோது நீங்கள் அதை வைத்து ஒரு பாட்டுப் பாடிப் பார்த்தீர்களாம். அதற்கு ஒரேயொரு சுருதிதான். மெசினைக் கொண்டுபோய் உருளைக்கிழங்குப் பெட்டிக்குள் போட்டுவிட்டீர்கள். அதைக் கண்டெடுத்து அக்கா என்னிடம் சொன்னா. பிறகு என் சின்னவளின் விளையாட்டுப் பலகையைக் கொண்டுவந்து தந்தேன். காந்தப் பேனையால் எழுதிவிட்டு, கீழே உள்ள பிடியை இழுத்தால் எல்லாம் அழிந்துவிடும். முதல்நாள் அதில் நீங்கள் எழுதியது: "உன்ர நல்ல பல்லு எது?" நான் சிரித்தேன். சிரித்துவிட்டு உங்கள் கழிவறையில் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

அந்தக் கோடை முழுக்க நாடே கொடி கட்டிக்கொண்டு கத்தியது. நீங்கள் என் வீட்டுச் சோபாவில் இருந்து, ரி.வி.யின் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பந்தாட்டம் பார்த்தீர்கள். உங்கள் சீடியை யாரும் போடக்கூடாது என்று எழுதிக் காட்டினீர்கள். குன்டர் ஒருமுறை கிற்றாரோடு வந்தார். நீங்கள் கதவைத் திறக்கவில்லை. அவர் படியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார்.

அந்த மாதங்களில் நூறு தரம் சொல்லப் பார்த்தேன். சொன்னால் உங்களுக்கு என்ன மிஞ்சும் என்று என்னையே கேட்டு வாயை மூடினேன். உண்மையில் எனக்கு என்ன மிஞ்சும் என்றுதான் பயந்தேன். ஆள் உயிரோடு இருக்கிறார்தானே என்று கணக்குப் பார்த்துக்கொண்டேன். கணக்கில் நான் எப்போதும் கோட்டை விடுகிறவன் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. அடுத்த வருஷம் இலையுதிர் காலத்தில் வருத்தம் நெஞ்சுக்குள் வந்துவிட்டது. எது நடக்கக்கூடாது என்று உங்கள் குரலைக் கொடுத்தோமோ, அது நடந்தது.

உங்கள் செத்தவீட்டில் சீடியைப் போட்டார்கள். 'சோல் சக்கரவர்த்தி' என்று பனர் கட்டினார்கள். குன்டர் வாசலிலேயே நின்றார். "பத்தொன்பது மாசம் கூட வைச்சிருந்தம், என்ன தம்பி?" என்று அக்கா என்னிடம் கேட்டா. ஓம் என்றேன். பத்தொன்பது மாதமும் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கரண்ட் பிடித்திருந்தால் எட்டு மாதத்தில் போயிருப்பீர்களோ, இன்றைக்கும் பாடிக்கொண்டிருப்பீர்களோ, அது யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையை அக்கா முதியோர் இல்லத்தில் இரட்டை வேலை செய்து ஆற்றுகிறா. நான் இப்படி ஊர்ச் சபையில் மைக்கை முகர்கிறேன்.

இப்போது நான் யாருக்கும் மொழிபெயர்க்கப் போவதில்லை. காது சரியில்லை என்று சொல்கிறேன். என் மூத்தவள் தாதி வேலைக்கு அவுஸ்பில்டுங் பயிற்சி செய்கிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அவள் டொக்டர் சொல்வதைக் கடைசிச் சொல் வரை நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள். "உன்ர பிள்ளைக்கு ஈவிரக்கம் இல்லை, எல்லாத்தையும் உடைச்சுச் சொல்லுது" என்று போன கிழமையும் ஒருவர் எனக்கு முறைப்பாடு செய்தார். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். அவளை ஒன்றும் சொல்லவில்லை.

நீங்கள் போவதற்கு இரண்டு நாள் முந்திய மத்தியானம் இன்னும் மிச்சம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அக்கா கோப்பி வாங்கக் கீழே போயிருந்தா. நீங்கள் கையை நீட்டிப் பலகையைக் கேட்டீர்கள். எழுத்து பெரிது பெரிதாக வந்தது. நாலைந்து சொல்லுக்கு மேல் இடம் காணவில்லை. எழுதிக் காட்டி, நான் வாசித்துத் தலையாட்டியதும் அழித்து, அடுத்ததை எழுதினீர்கள்.

"பாட்டுப் போனதைத் தாங்க ஏலாமல் இருந்தது."

அழித்தீர்கள்.

"வேறை வழி இல்லை எண்டபடியாத் தாங்கினன்."

அழித்தீர்கள். பேனை கீழே விழுந்தது. எடுத்துத் தந்தேன்.

"இருந்திருந்தா நீ சொல்லியிருப்பாய்."

இதை அழிக்கவில்லை. பலகையை என் பக்கம் திருப்பி, நெஞ்சில் சாத்திப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள். கேட்டீர்களா, நம்பினீர்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தேயும்வரை எனக்கு நேரம் இருந்தது.

"ஓம் அண்ணை" என்றேன்.

நீங்கள் என் புறங்கையை இரண்டு தரம் தட்டிவிட்டுக் கண்ணை மூடினீர்கள். உங்கள் நெஞ்சில் கிடந்த பலகையின் பிடியை நான்தான் இழுத்து அழித்தேன். அக்கா மூன்று கோப்பியோடு வந்தா.

அந்த ஓம் வாயைவிட்டு வெளியேறும் முன், நாக்கு நுனிவரை வந்து நின்ற பேச்சு வேறு. அதை விழுங்கினேன்.

இருந்தது அண்ணை.